சாக்கை அவிழ்த்தவன் நான்தான்

சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது. எனக்கு இரகசியம் ஒத்துக்கொள்ளாது. உள்ளே போன அரைமணி நேரத்தில் வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும், காது சுடும், எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் "ஒரு விஷயம் தெரியுமா?" என்று தொடங்கிவிடுவேன். என் மச்சான் தன் மனைவிக்குத் தெரியாமல் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, பிறந்தநாளுக்குக் கொடுக்கலாமென்று எங்கள் கடைச் சரக்குக் கிட்டங்கியில் மறைத்து வைத்திருந்தான். மறுநாள் காலை அவளைச் சந்தையில் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கலர் பிடிச்சிருக்காம்மா?" (மச்சான் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. ஸ்கூட்டர் இன்றும் ஓடுகிறது.)

அப்படிப்பட்டவனிடம் என் மகள் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய இரகசியத்தைக் கொடுத்து வைத்தாள். இதில் யார் தப்பு அதிகம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்குக் கோவில்பட்டியில் வத்தல் கடை. புதூர்ப் பக்கத்துக் கரிசலில் விளைகிற மிளகாய் வத்தல் சாக்குச் சாக்காக வந்து இறங்கும், தரம் பிரித்து வெளியூருக்கு அனுப்புவோம். கடைக்கு வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் வணக்கம் சொல்வார்கள். கொஞ்ச நாளாக வெளிநாட்டிலிருந்தும் வாட்ஸ்அப்பில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் இங்கிலீஷில். எது வந்தாலும் நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தேன். "சாம்பிளில் புழு இருந்தது" என்று ஒருவர் எழுதியதற்கும் அதே கட்டைவிரல் போன பிறகு, வியாபாரிகள் சங்கத்தில் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். வியாபாரிகளுக்கு மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சாயங்காலம் ஆறு முதல் ஏழரை, சங்கத்து மாடி ஹாலில்.

சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு பேர். எங்களில் இளையவருக்கு நாற்பத்தொன்று. பாடம் நடத்த வந்த கிருபா டீச்சருக்கு இருபத்தாறு வயது. முதல் நாளே பத்து நிமிஷம் தாமதமாக வந்த இரும்புக்கடை அண்ணாச்சியை எழுப்பி நிற்க வைத்தார். தூத்துக்குடி முதல் ராஜபாளையம் வரை யாருக்கும் எழுந்து நிற்காத மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே எங்களுக்குப் புரிந்துவிட்டது, இது விளையாட்டு இல்லை.

டீச்சருக்கு இரண்டு விதிகள். ஒன்று, உதாரணம் சொந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். (இணையத்தில் பார்த்து எழுதி, இருபத்திரண்டு பேரும் டாம் என்பவன் மேரியின் வீட்டுக்கு டீ குடிக்கப் போனதைச் சொன்ன பிறகு வந்த விதி.) இரண்டு, இங்கிலீஷில் பேசி முடித்ததும் அதையே தமிழில் சொல்லிக்காட்ட வேண்டும். புரிந்து பேசுகிறோமா, மனப்பாடமா என்று கண்டுபிடிக்க. நிறைவு விழாவிலும் இதுதான் முறை. வீட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கும் விளங்க வேண்டும் அல்லவா?

விழாவுக்கு ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் மரபுத்தொடர். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தோம். எனக்கு வந்தது, 'லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்'. பையிலிருந்து பூனையை வெளியே விடுவது. மூடி வைத்திருந்த இரகசியத்தை யோசனையில்லாமல் வெளியே விட்டுவிடுவது என்று பொருள். டீச்சர் அதற்கு ஒரு பழைய கதையும் சொன்னார். அந்தக் காலத்துச் சந்தையில் பன்றிக்குட்டி என்று சொல்லி, சாக்கில் பூனையைக் கட்டி விற்றுவிடுவார்களாம். வீட்டில் போய் அவிழ்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். உண்மையோ பொய்யோ, அப்படியொரு கதை இருக்கிறது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தது இருபத்திரண்டு வியாபாரிகள். சும்மா விடுவோமா?

"அவிழ்த்துப் பாக்காம எவன் டீச்சர் சாக்க வாங்குவான்?" என்றேன் நான். வத்தல் சாக்கு என்றால் அடியாழம் வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் விலையே பேசமாட்டோம்.

"பன்னிக்குட்டியும் பூனையும் ஒரே எடையா நிக்கும்?" என்றார் இரும்புக்கடை அண்ணாச்சி.

"கத்தாதா அது உள்ள கெடந்து?" என்றார் இன்னொருவர்.

டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். "அண்ணாச்சிமாரே, அந்தப் பூனைய விட்டுருங்க. பயன்பாட்டக் கவனிங்க. வேணும்னே அறிவிக்கிறதுக்கு இத சொல்லக் கூடாது. வாய் தவறி, கை தவறி, நம்மள அறியாம வெளிய விட்டாத்தான் இது பொருந்தும். புரியுதா?"

புரிந்தது. இந்தத் தொடரை எனக்காகவே வெள்ளைக்காரன் செய்து அனுப்பியிருக்கிறான் என்று புரிந்தது.

இப்போது இரகசியத்துக்கு வருகிறேன். என் மகள் செல்வி பொறியியல் படித்துவிட்டு, இரண்டு வருஷமாகப் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் என் மனைவி கோமதி நினைத்துக்கொண்டிருந்தாள். மகளை உள்ளூரிலேயே ஒரு பேங்கில், ஏ.சி.க்கு அடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு முன்பு செல்வி போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். கோமதி ஏழு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை, பட்டினி மட்டும்தான். எட்டாம் நாள் செல்வியே விண்ணப்பத்தைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

ஒரு நாள் மதுரையில் பரீட்சை என்று அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஹால்டிக்கெட்டைப் பையில் வைக்கும்போது பார்த்துவிட்டேன். பேங்க் இல்லை, ரயில்வே. உதவி லோகோ பைலட். ரயில் எஞ்சினில் டிரைவருக்குத் துணையாக ஏறி உட்காருகிற வேலை.

"ஏட்டி, என்னது இது?"

"ஆமாப்பா. முத பரீட்சை பாஸ் ஆயாச்சு. இது ரெண்டாவது. அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். மெடிக்கல் முடிஞ்சு, ஆர்டர் கைக்கு வந்த பொறவு. அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு எம்மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அவளும் அந்தப் பரீட்சையிலும் தேறி, அடுத்து வந்த தேர்வையும் தாண்டிவிட்டாள். மிச்சம் மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். அதில் கண் பார்வை முக்கியம், கொஞ்சம் பிசகினாலும் வேலை போச்சு. இந்த நேரத்தில் கோமதிக்குத் தெரிந்து, பழையபடி அவள் தட்டை ஒதுக்கிவைத்தால், செல்வி மெடிக்கலுக்கே போகமாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் இரண்டு மாதம், ஆமாம், முழுசாக இரண்டு மாதம், அந்த இரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடினேன். நாலு கிலோ இளைத்தேன். கோமதி எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று இரத்தம் எடுத்துப் பார்த்தாள்.

நிறைவு விழா, மெடிக்கலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் வந்தது.

உதாரணத்துக்கு என்னிடம் பிரமாதமான ஒரு விஷயம் தயாராக இருந்தது. இரும்புக்கடை அண்ணாச்சியின் கன்னங்கரேல் தலைமுடி பிறவிக் கறுப்பு என்றுதான் பஜார் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. அவர் வாங்குகிற சாயப் பொட்டலத்தை ஒரு தடவை நான் பார்த்துவிட்டேன். அதை இங்கிலீஷில் எழுதி, பன்னிரண்டு தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஹால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணாச்சி என் தோளில் கையைப் போட்டார். பாசமாகத்தான்.

"தம்பி, என் தலையப் பத்தி மேடையில ஏதோ பேசப் போறியாம்லா? பேசு. பேசிட்டு எந்த வழியா எறங்குவேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அவ்வளவுதான். மூன்று மாத உழைப்பு வாசலிலேயே முடிந்தது. அடுத்த பத்தாவது நிமிஷம் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் ஏறினேன். மைக் ஒரு மாதிரி 'கூ'வென்று ஊளையிட்டது. முன்வரிசையில் அண்ணாச்சி, மீசையைத் தடவிக்கொண்டு. இரண்டாவது வரிசையில் கோமதி, எனக்காகவே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு. செல்வி வரவில்லை, வீட்டில் படிக்கிறாள். ஹாலுக்கு வெளியே கூம்பு ஸ்பீக்கர் இரண்டு, பஜாரைப் பார்த்துக் கட்டியிருந்தது. (அதை யார் கட்டச் சொன்னது என்கிறீர்களா? விழாக் குழுவில் ஒலிபெருக்கிப் பொறுப்பு எனக்குத்தான் தந்திருந்தார்கள்.)

பொருளைச் சொன்னேன். கைதட்டல். "எக்ஸாம்பிள்," என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வேறு ஒரு இரகசியம், சின்னதாக ஏதாவது ஒன்று, என்று மண்டைக்குள் தேடினேன். இருக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த மற்ற எல்லாவற்றையும் தெரிந்த அன்றைக்கே செலவழித்திருந்தேன். உள்ளே ஒன்றே ஒன்றுதான் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளங்கை வேர்த்தது, கால் வேர்த்தது, மைக்கே வேர்த்த மாதிரி இருந்தது. அப்போது என் மூளை தன் ஆயுளில் மிகவும் புத்திசாலித்தனமான யோசனை ஒன்றைச் சொன்னது: 'இங்கிலீஷில்தானே சொல்லப் போகிறாய்? கோமதிக்கு எங்கே புரியப் போகிறது?'

"மை டாட்டர்," என்று தொடங்கினேன். "ரயில்வே எக்ஸாம் பாஸ். ட்ரெயின் டிரைவர் கோயிங். நெக்ஸ்ட் வீக் மெடிக்கல். மை வைஃப் நாட் நோயிங். வைஃப் திங்கிங் பேங்க். ஒன்லி ஐ நோ. ப்ளீஸ், நோபடி டெல் மை வைஃப். தேங்க் யூ."

ஹால் அதிர்ந்தது. டீச்சர் எழுந்து நின்று கைதட்டினார். கோமதியும் போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். பார், ஒன்றும் புரியவில்லை, தப்பித்தோம் என்று படியில் ஒரு காலை வைத்தேன்.

"அண்ணாச்சி, தமிழ்?" என்றார் டீச்சர்.

இரண்டாவது விதியை நான் அடியோடு மறந்து போயிருந்தேன்.

திரும்பி மைக்கிடம் வந்தேன். "அதாவது… எங்க மக செல்வி பேங்க் பரீட்சை எழுதுதா. அடுத்த வாரம் ரயில்ல ஊருக்குப் போறா. வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரியும். நன்றி."

"ஒரு நிமிஷம்," என்றார் டீச்சர். அந்தப் பிள்ளைக்குக் கடமையில் அப்படியொரு பிடிப்பு. "நீங்க இங்கிலீஷ்ல சொன்னது அது இல்லையே? ட்ரெயின் டிரைவர்னுல்ல சொன்னீங்க?"

"ஆமா டீச்சர். ட்ரெயின்ல டிரைவர் இருப்பாருல்லா… அவர் ஓட்டுவாரு. இவ உக்காந்து போவா."

"இல்லண்ணாச்சி, அர்த்தம் மாறுது. உங்க பொண்ணுதான் டிரைவர். ரயில்வே பரீட்சை பாஸ் பண்ணியிருக்காங்க. சரிதானே?"

நான் இறங்க வேண்டிய படியைப் பார்த்தேன்.

முன்வரிசையிலிருந்து இரும்புக்கடை அண்ணாச்சி, தலைமுடியைக் கோதிக்கொண்டே எழுந்தார். "டீச்சர், வீட்டுக்காரிக்குத் தெரியாதுன்னு ஒரு வரி சொன்னாரு. அத முழுங்கிட்டாரு. அதையும் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

எனக்கு இன்றும் விளங்காத விஷயம் இதுதான். நான் மயங்கி விழுந்திருக்கலாம். கரண்ட் போனதுபோல் மைக்கை அணைத்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பதைப் போல நின்று, வரிவரியாக, ஒரு எழுத்து குறையாமல், தெளிவான தமிழில் முழுவதையும் சொன்னேன். "தயவுசெய்து யாரும் என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிற கடைசி வரி உட்பட.

கூம்பு ஸ்பீக்கர் இரண்டும் அதைப் பஜாருக்கு எடுத்துப் போயின.

யாரும் கைதட்டவில்லை. எல்லாத் தலையும் இரண்டாவது வரிசைக்குத் திரும்பியது. கோமதி போனை அணைத்தாள். பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வெளியே நடந்தாள். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் நான் பின்னால் ஓடினேன்.

அவள் முன்னால். ஐந்தடி பின்னால் நான். அந்த இடைவெளியைக் குறைக்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு ரயில் தெரியவில்லை, மெடிக்கல் தெரியவில்லை, ஒதுக்கிவைத்த தட்டு மட்டும்தான் கண்முன் தெரிந்தது. என் பிள்ளையின் வேலையை நானே தின்றுவிட்டேன்.

பூக்கடை வாசலில் பூக்கட்டுகிற அம்மா எட்டிப் பார்த்தார். "கோமதி, ஒம் மவ ரயில் ஓட்டப் போறாளாமே? மைக்ல சொன்னாவ!"

"தெரியல," என்றாள் கோமதி. நடந்தாள்.

தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "மதினி, நெசமா? நம்ம தெருவுல இருந்தா?"

"ஏதோ பரீட்சை எழுதியிருக்கா போல," என்றாள். நடை கொஞ்சம் மெதுவானது.

பால் வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி அவள் கையையே பிடித்துக்கொண்டாள். "எக்கா, எம்புட்டுப் பேரு எழுதுத பரீட்சை அது! எங்க வீட்டுக்காரரு தம்பி மூணு தடவ எழுதிக் கெடைக்கலக்கா!"

கோமதி நின்றாள். "மூணு தடவையா?"

"ஆமாக்கா."

"இவ முத தடவையிலேயே பாஸ் பண்ணிட்டா," என்றாள். அவளுக்கே அந்தச் செய்தி தெரிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "மெடிக்கல் ஒண்ணுதான் பாக்கி."

தெரு முனையில் நாலாவது ஆள், சலவைக்கடைக்காரர். "பஸ் ஓட்டுத மாதிரித்தானக்கா அதுவும்?" என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டார்.

"பஸ்ஸா?" கோமதியின் குரல் தெருவில் எல்லா ஜன்னலையும் திறந்தது. "அம்பது பெட்டி கூட்ஸு அண்ணாச்சி! கரண்டு எஞ்சினு! பஸ்ஸாம்லா, பஸ்ஸு!"

எனக்கும் அவளுக்கும் இடையே இருந்த ஐந்தடி அங்கேதான் மூன்றடியானது.

வீட்டு வாசலில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் ஒன்பது போன் வந்திருந்ததாம். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நிலைப்படியை ஆராய்ந்தேன்.

"என்கிட்டச் சொல்லணும்னு தோணலியாட்டி ஒனக்கு?" என்றாள் கோமதி. கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போலீசுக்கு அப்ளிகேஷன் போட்டப்ப ஏழு நாள் பட்டினி கெடந்தியேம்மா."

"கெடந்தேன். ஒடனே நீ விட்டுட்ட." கோமதி கைப்பையை இறக்கி நிலைப்படியில் வைத்தாள். "இத நீ விடலல்லா? ரெண்டு வருசமா எனக்குத் தெரியாம படிச்சிருக்க. அப்ப இது ஒனக்கு அவ்வளவு வேணும்."

செல்விக்கு முகம் கோணியது. எனக்கும் ஏதோ கண்ணில் விழுந்தது. (வத்தல் தூசிதான்.)

"கண்ணு டெஸ்ட் இருக்காம்லா?" என்று கோமதி கையை நீட்டினாள். "எந்நேரமும் அந்தப் போனப் பாத்துக்கிட்டுக் கெடந்தா கண்ணு என்னத்துக்கு ஆவும்? குடு அத. ஒரு வாரம் கெடையாது."

அவ்வளவுதான் சம்மதம். அன்றிலிருந்து ஏழு நாளும் வீட்டில் கேரட், பொன்னாங்கண்ணி, மறுபடி கேரட். செல்வி மெடிக்கலில் தேறினாள். நானும் கண்ணாடி போடாமலே எதிர்க்கடை போர்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

விழாவுக்கு மறுநாளே நான் கோமதியிடம் கேட்டிருந்தேன். "இங்கிலீஷ்ல சொன்னப்ப நீ கைதட்டினியே. புரியலையா?"

"டாட்டர், வைஃப், ட்ரெயின், பேங்க்… இதுகூடத் தெரியாதா எனக்கு? எல்லாம் புரிஞ்சுது. பாடத்துக்குச் சும்மா கத கட்டிச் சொல்லுதீங்கன்னு நெனச்சேன். தமிழ்ல மாத்திப் பேசுனீங்க பாத்தீங்களா, அப்பத்தான் நெசம்னு தெரிஞ்சுது."

அதாவது, நான் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. பொய் சொன்னவுடன் கண்டுபிடித்துவிட்டாள். இருபத்தேழு வருஷக் குடித்தனம்.

அந்த வாரமே இரும்புக்கடை அண்ணாச்சி கடைக்கு வந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸைக் கொடுத்தார். முதல் பரிசு. நான் ஓடிப்போன பிறகு மேடையில் டீச்சர் அறிவித்தாராம்: "மத்தவங்க எல்லாரும் அர்த்தம் சொன்னாங்க. இவர் ஒருத்தர்தான் செஞ்சே காட்டினார்." மூடியில் என் பெயரும் 'முதல் மாணவர்' என்றும் பொறித்திருந்தது. அதில்தான் இப்போது செல்வி டியூட்டிக்குச் சோறு கொண்டு போகிறாள்.

எல்லாம் நான் திட்டம் போட்டுச் செய்தது, ஊரே கைதட்டினால் கோமதி மறுக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். வீட்டில் ஒருத்தரும் நம்புவதில்லை. நல்ல செய்தி எது வந்தாலும் முதலில் ஒருவர் எழுந்து நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கிறார். "அப்பா கடைக்குப் போயாச்சா? சரி, பூனைய இப்ப வெளிய எடுங்க," என்று ஆரம்பிக்கிறார்கள்.

போன வாரம் செல்வி மணியாச்சி ஜங்ஷனிலிருந்து, டியூட்டி ஏறுவதற்கு முன்னால் என்னை அழைத்தாள். "அப்பா, இன்னைக்குச் சாயங்காலம் நம்ம ஊரு ரயில்வே கேட்டத் தாண்டுதேன். முடிஞ்சா வந்து நில்லுங்க. அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க, ஊரையே கூட்டிருவா."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஊரில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. கோமதியிடம் மட்டும்தான் சொன்னேன்.

நான் கேட்டுக்குப் போய்ச் சேரும்போது அங்கே முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பூக்கார அம்மா, தையல்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரி, கிருபா டீச்சர். இரும்புக்கடை அண்ணாச்சியும் வந்திருந்தார், முழுசாக நரைத்த தலையோடு. (சாயத்தை அவராகவே விட்டுவிட்டார். உன்னை நம்பி இனி எதையும் மறைக்க முடியாது என்றார்.) கேட் மூடியதால் நின்ற பஸ்ஸின் ஜன்னல் ஜன்னலாகப் போய், முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கோமதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாரது எம் மவளாக்கும். அவதான் ஓட்டுதா. பக்கத்துல ஒருத்தரு இருப்பாரு, அவரு சும்மா துணைக்கு."

(உண்மையில் துணை இவள்தான். அந்த ஒரு இரகசியத்தை மட்டும் நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.)

தூரத்தில் ஹாரன் கேட்டது. கேட் வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதியாம், எங்களுக்காக அடிப்பதில்லையாம், செல்வி சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு விதி கொஞ்சம் நீளமாகவே இருந்தது.